உப்புப் போட்ட பீர்

வெளிநாட்டு பீர் துறைமுகத்தில் வந்து இறங்கினால், பதிலுக்கு ஊரிலிருந்து சில ருசிகளைக் கப்பலேற்றி அனுப்ப வேண்டும். புதுச்சேரியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாராவது ஒருவரைப் பண்டகசாலைக்குக் கூப்பிடுவார்கள். அவர் ஒவ்வொரு பீரையும் குடித்துப் பார்த்து, அது எது மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எதைச் சொல்கிறாரோ அந்த ருசி அவர் நாக்கைவிட்டுக் கப்பலுக்குப் போய்விடும்.

இந்த முறை அமலதாசனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓசியில் பீர் என்று தெருவே வயிறெரிந்தது. அமலதாசனுக்கோ போகவே மனமில்லை.

காரணம் அவன் மனைவி செலின். வீட்டு முன்கட்டில் மெஸ் நடத்திவந்தாள். ஒரு காய்ச்சலில் அவள் நாக்கு செத்துப்போனது. காய்ச்சல் விட்ட அன்று ரசத்தை வாயில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அமலதாசன் அவள் கன்னத்தில் முத்தமிட்டு, "உன் நாக்கு போனா என்னா, என் நாக்கு இருக்குதுல்ல" என்றான்.

அன்றிலிருந்து குழம்பு கொதித்ததும் அவன் கையை நீட்டுவான். அவள் கரண்டியால் அவன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றுவாள். அவன் நக்கிப் பார்த்து உப்பு, புளி, காரம் சொல்வான். ஒரே நாக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேர் குடும்பம் நடத்தினார்கள்.

"சீக்கிரம் வந்துடுங்க," என்றாள் செலின். "இன்னிக்கி மீன் கொழம்பு. நீங்க வந்து பாத்தப்புறம்தான் எறக்குவேன்."

"எல்லாத்துக்கும் வெள்ளரிக்கா மாதிரின்னு சொல்லிட்டு ஓடியாந்துடறேன்," என்றான் அமலதாசன்.

பண்டகசாலையில் ஒரு தாழ்வாரம் இருந்தது. அதன் கோடியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கலியவரதன் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை, இடுப்பில் வேட்டி. இரண்டும் நன்றாக இஸ்திரி போட்டிருந்தன. பக்கத்தில் பாட்டில்கள் வியர்த்துக்கொண்டு நின்றன.

"நெசத்தச் சொன்னா நொரை அடங்கும்," என்றார் கலியவரதன். "பொய் சொன்னா அடங்காது. தாழ்வாரம் நீளும்."

"எந்தத் தாழ்வாரம் சார்?"

"நீங்க திரும்பிப் போக வேண்டியது."

வெள்ளரிக்காய் யோசனை அத்தோடு போயிற்று.

முதல் கிளாஸ் நல்ல பொன்னிறம். அமலதாசன் விரலை நனைத்து ஒரு சொட்டைத் தரையில் தெளித்தான். அந்தப் பக்கத்து ஆண்கள் யாரும் தெளிக்காமல் குடிப்பதில்லை. யாருக்காகத் தெளிக்கிறோம் என்று யாரும் கேட்டுக்கொண்டதும் இல்லை. தெளித்து முடிக்கும்வரை கலியவரதன் மரியாதையாக எழுந்து நின்றார்.

"இது செக் நாடு. எது மாதிரி இருக்கு?"

"நெலவேம்புக் கஷாயம் மாதிரி இருக்கு சார்."

நுரை அடங்கியது. காலி பாட்டில் தானாக நிறைந்தது. கலியவரதன் அதற்கு மூடி போட்டார். இனி கஷாயம் கசக்காது. இந்த வியாபாரம் அப்படியொன்றும் மோசமில்லை என்று அமலதாசன் நினைத்தான்.

அடுத்தது அயர்லாந்து. கன்னங்கரேலென்று இருந்தது. தெளித்தான், குடித்தான். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"கடுங்காப்பி மாதிரி."

நுரை அடங்கியது. காலையில் அவன் குடித்துவிட்டு வந்த காப்பிகூட இப்போது நினைத்துப் பார்த்தால் வெந்நீராக இருந்தது.

ஜப்பான் பீரில் அரிசி சேர்த்திருந்தார்கள். நீராகாரம் போயிற்று. அமலதாசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளிர்ந்த பீரைக் குடித்து வியர்த்தவன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான்.

"மணி என்னா சார்?"

"மொதல்ல பீரு. அப்பறம் மணி."

"சாப்பாட்டுக்கு ஆளு வந்துடும் சார். வீட்டுல கொழம்ப எறக்காம வெச்சிக்கிட்டு நிக்கும்."

"பெல்ஜியத்துலயும் யாரோ நிக்கறாங்க," என்றார் கலியவரதன், அடுத்த கிளாஸை நகர்த்தியபடி.

பெல்ஜியம் பீர் புளித்தது. பல் கூசும் புளிப்பு. எது மாதிரி இருக்கிறது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. சொன்னால் மீன் குழம்பு என்ன ஆவது?

"மோர் மாதிரி," என்றான்.

நுரை பொங்கி மேசையில் வழிந்தது. பின்னால் யாரோ பாய் விரிப்பதுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான். தெருவாசல் சின்னதாகியிருந்தது.

"தயிர் மாதிரி."

நுரை கலியவரதனின் டையை நனைத்தது. மறுபடியும் பாய் விரிந்தது.

"நெல்லிக்கா."

தெருவாசலைக் காணோம். தாழ்வாரம் மார்க்கெட்டைத் தாண்டி, மாதாகோவிலைத் தாண்டி, அவன் தெருவுக்கே போய்விட்டிருந்தது. அதன் கோடியில் நீலமாக அடுப்பு எரிந்தது. செலின் கரண்டியோடு நின்றாள். இன்னும் ஒரு பொய் சொன்னால் தாழ்வாரம் அவளையும் தாண்டிப் போய்விடும்.

அமலதாசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"புளி," என்றான். "கொழம்புக்குக் கரைக்கிற புளி மாதிரி இருக்கு."

நுரை அடங்கியது. அவன் வாய்க்குள் ஒரு மூலை காலியானது.

"கடைசி இது," என்றார் கலியவரதன். "ஜெர்மனி. உப்புப் போட்டுக் காச்சறாங்க."

அமலதாசன் கிளாஸையே பார்த்தான். காப்பி இல்லாமல் இருந்துவிடலாம். புளியைக்கூடக் கண்ணால் அளந்து ஒப்பேற்றலாம். உப்பு போனால் செலினின் அடுப்பே அணைந்துபோகும். அவனுக்குப் பயமாக இருந்தது. விரலை நனைத்துத் தெளித்தான். கலியவரதன் எழுந்து நின்றார். மறுபடியும் தெளித்தான். பிறகு இன்னொரு முறை. பிறகு கையையே கிளாஸுக்குள் விட்டுத் தெளிக்க ஆரம்பித்தான்.

கலியவரதனுக்குக் கால் வலித்தது. தெளிக்கும்போது உட்காரக் கூடாது.

"எவ்ளோ நேரம் தெளிப்பீங்க?"

"இதுக்கு அளவு ஏதாச்சும் இருக்குதா சார்?"

கலியவரதன் யோசித்துப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "எங்கப்பாவும் ரொம்ப நேரம் தெளிப்பாரு."

கிளாஸ் காலியானது. ஒரு வாய்கூட அவன் குடிக்கவில்லை. அமலதாசன் எழுந்து ஓடினான்.

தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் சாப்பிட வந்தவர்கள் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெறும் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு குழம்புக்காகக் காத்திருந்தார்கள். அவன் இலைகளை மிதிக்காமல் ஓடினான். அடுப்படிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

"கைய நீட்டுங்க," என்றாள் செலின்.

நீட்டினான். அவள் ஊற்றினாள். அவன் நக்கினான்.

அப்புறம்தான் அது எந்தக் கை என்று அவனுக்கு உறைத்தது. பீரில் முக்கித் தெளித்த கை. கழுவவில்லை. உள்ளங்கையில் குழம்பைச் சுற்றி வெள்ளையாக நுரை கட்டி நின்றது.

கலியவரதன் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். மேசையும் கூடவே வந்திருந்தது.

"நாக்குல பட்டுடுச்சு," என்றார். "எது மாதிரி இருக்கு?"

"கடல்தண்ணி மாதிரி," என்றான் அமலதாசன்.

நுரை விரலிடுக்கில் வழிந்தது. வெளியே பாய் விரிந்தது. செலின் ஒரு அடி தள்ளிப் போனாள்.

"வேர்வை மாதிரி."

செலின் இன்னும் தள்ளிப் போனாள். கரண்டியிலிருந்து சொட்டியது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமலதாசன் கண்ணை மூடி நாக்கைத் துழாவினான். உப்புதான். ஆனால் வெதுவெதுப்பான உப்பு. எங்கே பார்த்த உப்பு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்தான்.

"காச்சல் விட்டன்னிக்கி இவ அழுதா," என்றான். "கன்னத்துல. அது மாதிரி இருக்கு."

நுரை அடங்கியது.

கலியவரதன் கடைசி பாட்டிலுக்கு மூடி போட்டார். மற்றதைவிட இதை மெதுவாக வைத்தார். மேசையைத் தூக்கிக்கொண்டு போனார். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது.

அமலதாசன் இடது கையை நீட்டினான். செலின் அதில் ஊற்றினாள். நக்கினான்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றான். நாக்கில் உப்பு இருந்தது. "ரெண்டு கல்லு போடு."

போட்டாள். கிண்டினாள்.

"புளி?"

அவன் உள்ளங்கையை மறுபடியும் நக்கிப் பார்த்தான்.

"புளி எப்பிடிங்க இருக்கு?"

"தெரியல செலினு. உப்ப மட்டுந்தான் காப்பாத்த முடிஞ்சுது."

செலின் அடுப்பைச் சின்னதாக வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் கண்ணிலிருந்து வழிய ஆரம்பித்தது. அமலதாசன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டான்.

தண்ணீராக இருந்தது. அடுத்த கன்னத்திலும் முத்தமிட்டுப் பார்த்தான். அதுவும் தண்ணீர்தான்.

"என்னாங்க?" என்றாள் செலின்.

"ஒண்ணுமில்ல," என்றான் அமலதாசன்.

முன்கட்டிலிருந்து யாரோ குழம்பு கேட்டார்கள். அவன் எழுந்து எடுத்துக்கொண்டு போனான்.