இருபத்தேழாம் பக்கம்

எங்கள் குழுவில் நாலு பேர். வேலை செய்தது ஒரே ஆள், நான். மற்ற மூவரும் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

முதலாமவன் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவனாகவே ஆகிக்கொண்டான். முதல் நாளே வாட்ஸ்அப் குழு தொடங்கி, "டீம், கலக்குறோம்!" என்று போட்டதோடு அவன் கடமை முடிந்தது. இரண்டாமவள் அலங்காரம். தலைப்புக்கு நீலமா பச்சையா என்று முடிவு செய்யப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டாள். கடைசியில் சாம்பல் நிறம். மூன்றாமவன் கட்டைவிரல். எது கேட்டாலும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவான். வீடு தீப்பிடித்தது என்று சொன்னாலும் அதையேதான் அனுப்பியிருப்பான்.

எனக்கு இது விளையாட்டு இல்லை. போன வருடம் இதே பாடத்தில் தோற்றவள் நான். இந்த முறையும் போனால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் நகரத் திட்ட அலுவலகத்தில் கிடைத்த வேலையும் இல்லை. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அதற்குள் அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! பாடம் எடுக்கும் மேடமோ முதல் வகுப்பிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: "உங்க அறிக்கையில இருக்கறது உங்களுக்கே தெரியலன்னா, பாஸ் கிடையாது."

கல்லூரி முன்னால் உள்ள சிக்னலில் வயதானவர்கள் சாலையைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது, பச்சை விளக்கு எரியும் நேரம் போதுமா? இதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. பச்சை எரிவது இருபத்தொரு நொடி. நான் ஒருத்தியே அறுபது பேரை அளந்தேன். எதிர்ப்பக்கக் காபிக் கடையில், கண்ணாடி ஓரமாக ஒரு மேசையைப் பிடித்து, பச்சை விழுந்ததும் கடிகாரத்தைத் தட்டி, ஆள் இந்தப் பக்கம் ஏறியதும் நிறுத்தி, கண்கொத்திப் பாம்பாக நாலு நாள் உட்கார்ந்தேன். சராசரி இருபத்து நாலு நொடி. 'வயதானவர்களின் நடை மெதுவாக இருப்பதே காரணம்' என்று முடிவுரையும் எழுதிவிட்டேன்.

அதற்குள் கட்டைவிரல் ஒருநாள் அதிசயமாக வாயைத் திறந்தான். "அந்த இருபத்து நாலு நொடியில ஒரு சந்தேகம். பேசலாமா?" என்று குழுவில் கேட்டான்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு நாள் எழுந்து வரத் துப்பில்லை, துரைக்குச் சந்தேகம் வேறு. "சந்தேகம்லாம் வேலை செஞ்சவங்களுக்கு வரட்டும். நீ விரலைக் காட்டிட்டுப் போ," என்று போட்டேன். அவனும் விரலைக் காட்டினான்.

அந்த எரிச்சலிலேயே ஒரு காரியம் செய்தேன். எல்லாரும் திறக்கக்கூடிய அறிக்கைக் கோப்பில், இருபத்தேழாம் பக்கத்தின் நடுவில், ஒரு வரியைச் சொருகினேன். 'இந்த வரியைப் படிக்கிற ஒரு ஜென்மமாவது என் குழுவில் இருந்தால் அது உலக அதிசயம்.' ஒரு வாரம் காத்திருந்தேன். மூச்சுப் பேச்சில்லை. வெற்றி எனக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே அறிக்கையை அனுப்பிவிட்டேன். கூடவே, ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பற்றி ரகசியமாக எழுதித் தர வேண்டிய படிவம். மூவருக்கும் சுழியம் போட்டேன். 'அறிக்கையை முழுவதும் படித்தவர் யார்?' என்ற கேள்விக்கு, 'நான் மட்டும்' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

வாய்மொழித் தேர்வன்று அலங்காரம் சாம்பல் நிறத்திலேயே உடுத்தி வந்திருந்தாள். தலைவன் எங்களுக்கு முன்னால் நடந்தான். மேடம் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே, "இருபத்தேழாம் பக்கம்," என்றார்.

அந்த வரியை எடுக்க மறந்திருந்தேன்.

மேடம் வாசித்தார். "கடப்பவர் சாலையில் அடி எடுத்து வைத்த நொடியிலிருந்து நாற்பது பேரை மறுபடியும் அளந்தோம். நடக்க ஆவது இருபது நொடி. அதற்கு முன் நாலு நொடி நின்ற இடத்திலேயே போகிறது." நிமிர்ந்தார். "யார் அளந்தது?"

என் வரியைக் காணோம். இது என்ன என்றும் தெரியவில்லை.

தலைவன் முந்திக்கொண்டான். "நாங்கதான் மேடம், என் மேற்பார்வையில."

"எங்க நின்னு மேற்பார்வை பாத்தீங்க?"

"சிக்னல்... பக்கத்துலதான் மேடம்."

"எந்தப் பக்கத்துல?"

அவன் சுவரைப் பார்த்தான். மேடம் என் பக்கம் திரும்பினார். 'நான்தான்' என்ற சொல் உதடு வரை வந்தது. அக்காவின் முகமும் வந்தது. ஆனால் எங்கே நின்றாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"தெரியாது மேடம். அனுப்பறதுக்கு முன்னாடி நான் திரும்பப் படிக்கல."

"நான்தான் அளந்தேன்," என்றான் கட்டைவிரல். அவன் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். "மூணு நாள் காலையில அந்தப் பக்க நடைபாதையில நின்னேன் மேடம். விளிம்பு முழங்கால் அளவு உயரம். முதல்ல கைத்தடிய கீழ ஊணி, அப்புறம் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். அதுக்கே நாலு நொடி ஆயிடுது."

மேடம் என்னைப் பார்த்தார். "அறுபது பேரை அளந்தீங்களே, இது ஏன் கண்ணுல படல? இதுக்காவது பதில் தெரியுமா?"

தெரிந்தது. அந்தக் கணமே தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. "நான் எதிர்ப்பக்கம் காபிக் கடையில உட்கார்ந்து அளந்தேன் மேடம். நடுவுல வண்டிங்க நிறுத்தியிருக்கும். கால் தெரியாது, தலைதான் தெரியும். விளக்க மட்டும் பாத்து கடிகாரத்தத் தட்டினேன். அவங்க நடை மெதுவில்ல. படிதான் உயரம். முடிவுரை தப்பு."

மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று மூன்று மாதமாக வாய்கிழியப் பேசியவள் நான். அதைப் பேசியதும் நாற்காலியில் உட்கார்ந்துதான்.

மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். "இப்ப சொன்னதுக்குப் பாஸ் போடறேன். பாஸ் மட்டும்." தலைவனையும் அலங்காரத்தையும் மறுபடியும் எழுதி வரச் சொன்னார். இருவரும் முனகிக்கொண்டே போனார்கள். அவர்களுக்காக நான் ஒரு துளியும் வருந்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எழுந்தபோது மேடம் என் படிவத்தை மேசையில் தள்ளி, மேலே ஒரு பேனாவை வைத்தார். "திருத்தறதுன்னா திருத்துங்க."

கட்டைவிரல் என் பக்கத்திலேயே நின்றான். குரலைத் தாழ்த்தி, "என் வரிய எடுத்தது நீயா?" என்றேன்.

"ம். மேடம் பாத்தா உனக்குத்தான் கஷ்டம்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"விரலக் காட்டிட்டுப் போன்னு சொன்னியே."

'நான் மட்டும்' என்பதை அடித்தேன். அவன் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். மூன்று மாதம் அவனைக் கட்டைவிரல் என்றே கூப்பிட்டதில், பெயர் நினைவுக்கு வரவில்லை.

"உன் பேரு என்ன?" என்று கேட்டேன்.