எதிர்ப்பாற்றலில் முதலிடம்

சுகாசினி சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மலேரியாக் கிருமியின் புரதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கிருமி ரத்தத்தில் நுழைந்ததும் அதன் மேலே இருக்கும் புரதத்தை உடம்பு அடையாளம் கண்டு, அதற்கெதிராக எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். அது யாருக்கு எவ்வளவு ஊறுகிறது, எத்தனை மாதம் தங்குகிறது என்று கணக்கிடுவதுதான் அவளுடைய முனைவர் பட்ட வேலை. இதற்கு மலேரியா வந்து தேறியவர்களின் ரத்தம் வேண்டும். அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் நெருக்கமாக வாழும் அந்தத் தெருவுக்கு வந்தாள்.

முதல் நாள் ஒருவரும் கை நீட்டவில்லை. தெரு நலச்சங்கத் தலைவர் தனசேகரன்தான் முன்னால் வந்தார். பட்டுக்கடை வைத்திருப்பவர், ஒரு கட்சியின் வட்டப் பொறுப்பாளர்.

"என் ரத்தத்த மொதல்ல எடும்மா. மூணு தபா மலேரியா வந்து எழுந்து நின்னவன் நான்."

ஊசி குத்தும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதால், போட்டோவுக்காக வெறும் ஊசியை இன்னொரு முறை கையில் வைத்துக்காட்ட வேண்டியிருந்தது. அதைப் பார்த்த தெரு தைரியமடைந்தது. மாலைக்குள் முப்பத்தெட்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, அவரவர் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருளின் அளவை ஒரு சீட்டில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, சுகாசினி கையில் கொடுத்தாள். அடுத்தவர் முடிவை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி. அவள் சொல்லவில்லை. பத்தே நிமிடத்தில் சங்கக் கட்டட வாசலில் எல்லோரும் பொதுத்தேர்வு மார்க் பார்ப்பதுபோல் சீட்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு நானூறு, எண்ணூறு. தனசேகரனுக்கு ஆறாயிரத்து நானூறு.

"நான்தான் ஃபர்ஸ்ட்டாம்மா?" என்றார்.

"இது மார்க் இல்ல சார். கிருமி உங்க உடம்புக்குள்ள அடிக்கடி வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். இனிமே வராதுன்னு அர்த்தமில்ல. ஒருத்தர் பேர்ல ஸ்டேஷன்ல நிறைய கேஸ் இருந்தா அது பெருமையா சார்?"

"எங்க கட்சில அது பெருமதாம்மா."

மறுவாரம் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'மலேரியாவை வென்ற மாவீரர்! எதிர்ப்பாற்றல் 6400!' ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழில், ஆய்வேடு இன்னும் பாதிகூட முடியாத சுகாசினியை 'டாக்டர்' என்று அச்சடித்திருந்தார்கள். விழாவே வேண்டாம் என்று போனில் மன்றாடிய சுகாசினி, அந்த ஒரு பிழையைத் திருத்தச் சொல்லவில்லை.

இதற்கிடையில் சுகாதாரப் பணியாளர் பொன்னியம்மாள் வாராவாரம் வந்து வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனசேகரன் அவரை வாசலோடு நிறுத்தினார்.

"என் வீட்டு மாடியில உனக்கின்னாம்மா வேல? என்னக் கடிச்சா கொசுதான் சாவும்."

"மத்தவங்களையும் கடிக்குமே ஐயா?"

"அவங்களுக்கும் நம்பர் ஏறட்டும், போ."

விழா நாள் மே மாதத்து வெயிலில் வந்தது. பந்தலுக்குள் புழுக்கம் தாங்காமல் ஆட்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேடையில் தனசேகரன் மட்டும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பிறகு தனக்குப் போர்த்திய ஆறு பொன்னாடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஏற்புரையில், "இந்த உடம்பு..." என்று தொடங்கியபோது மைக் அவர் கையில் தடதடவென்று ஆடியது. கழுத்து மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்தன. தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று கூட்டம் கைதட்டியது. பல் கிட்டித்துப் போய் அவர் நாற்காலியோடு சரிந்த பிறகுதான் கைதட்டல் நின்றது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். மலேரியா.

அவர் மனைவி வடிவாம்பாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். சுகாசினி அவரிடம் கேட்டாள்: "முன்னாடி காய்ச்சல் வந்தப்ப மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டார் அம்மா?"

"மூணு நாளு. ஜுரம் வுட்டதும் மிச்சத்தத் தூக்கி எறிஞ்சிடுவாரு. மூணு தபாவும் அப்டித்தான்."

"பதினாலு நாள் சாப்பிடணும்மா. இந்த வகைக் கிருமி ஈரல்ல போய்ப் பதுங்கிடும். மாசக்கணக்குல சும்மா இருந்துட்டுத் திரும்பக் கிளம்பி வரும். இதோட சேத்து அவருக்கு வந்தது நாலு தனித்தனி மலேரியாவா இல்லாம இருக்கலாம். ஒரே மலேரியா, நாலு தடவை வந்திருக்கலாம்."

வடிவாம்பாள் கணவனைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணக் கூட ஒழுங்கா முடிச்சி அனுப்பல. இதுக்கு ஃப்ளெக்ஸ் வேற."

தனசேகரன் போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டார்.

அன்றே வடிவாம்பாள் வீட்டுச் சாவியைப் பொன்னியம்மாளிடம் கொடுத்தார். மாடித் தொட்டி திறந்து கிடந்தது; தண்ணீரெங்கும் கொசுப்புழு நெளிந்தது. பத்து நாளுக்குள் பக்கத்து வீடுகளில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டது. விழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்களே ஃப்ளெக்ஸை அவிழ்த்துக் கொண்டுபோய்த் தறிக்கூடத்தின் ஓட்டைக் கூரைமேல் போட்டார்கள்.

வீடு திரும்பிய தனசேகரன் நான்காம் நாள், "ஜுரம்தான் வுட்டுடுச்சே" என்றார். சங்க உறுப்பினர்கள் நாலு பேர் நலம் விசாரிக்க வந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே வடிவாம்பாள், "வாயத் தொற" என்றார். தலைவர் வாயைத் திறந்தார். பதினாலு நாளும் திறந்தார்.

தேறி எழுந்தவருக்கு வெளியே தலைகாட்டக் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் யோசித்து, தெருவின் முப்பத்திரண்டு தொட்டிகளுக்கும் தன் செலவில் மூடி செய்து போட்டார். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெயின்டில், 'உபயம்: வள்ளல் தனசேகரன்' என்று எழுதியிருந்தது.

அடுத்த ரத்த மாதிரிக்காக வந்த சுகாசினி ஒரு மாடியில் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கமுடியாமல் நின்றாள். பொன்னியம்மாள் மூடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இன்னா வேணா எழுதிக்கினு போவட்டும்மா," என்றார். "மூடி நல்லா டைட்டா இருக்குது."