நேராக்கிய கோடு

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கோட்டு வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். நகரக் குடிநீர் நிலையத்தில் அவருக்கு வரைபடம் போடும் வேலை. ஒவ்வொரு பகுதிக்கும் போகும் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று கருவிகள் இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கும். காலையில் அந்த எண்களைப் புள்ளியியல் மென்பொருளுக்குள் செலுத்தினால், நாள்வாரியாக ஒரு நீலக் கோடு திரையில் ஓடும். கோடு படுத்துக் கிடந்தால் தண்ணீர் சுத்தம். எழுந்து நின்றால் எங்கேயோ சாக்கடை கலக்கிறது என்று பொருள்.

பள்ளத்துத் தெருக்களுக்குப் போகும் குழாயின் கோடு திடீரென்று அடிக்கடி எழுந்து நிற்க ஆரம்பித்தது. கருவியைக் கழற்றிச் சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. வரைபடத்தை மேலதிகாரியிடம் கொண்டுபோனார். அந்த அதிகாரிக்குத் தண்ணீரைவிட ஆண்டறிக்கைதான் பெரிய கவலை.

"இப்படிக் கூர் கூரா நின்னா முதல்ல என்னைத்தான் குத்தும். கருவிக் கோளாறுன்னு போட்டு எடுத்துடுங்க" என்றார்.

கோளாறு இல்லை என்று சொல்ல வாயெடுத்தவருக்குத் தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு நினைவுக்கு வந்தது. மென்று விழுங்கிவிட்டு இருக்கைக்குத் திரும்பினார். கோடு வரையும் மென்பொருளின் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தார்: எல்லை தாண்டிய அளவை ஒதுக்கிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள நல்ல அளவுகளைக் கொண்டு இடைவெளியை நிரப்பு. தன் கையால் ஒரு பொய் எண்ணையும் தட்டவில்லையே என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். படித்தவர்கள் பூசி மெழுகும்போது அப்படித்தான், கையில் சேறு ஒட்டாது.

அறிக்கை போனதும் அந்த வரியை நீக்கிவிடத்தான் நினைத்திருந்தார். அதற்குள் பதவி உயர்வு வந்தது, தனி அறை கிடைத்தது, வரி மறந்துபோனது. அது மட்டும் தினமும் தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பள்ளத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை போன் செய்தாள். குழாய்த் தண்ணீரில் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே வரைபடத்தைத் திறந்தார். கோடு சமர்த்தாகப் படுத்திருந்தது.

"நானே பாத்துட்டேன்மா. கோடு துளிகூட அசையல. பழைய குழாய் வாடையா இருக்கும், பயப்படாம குடு" என்றார்.

அண்ணன் சொன்ன பிறகு அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாளே குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மருத்துவமனைக்கு ஓடினால், பாதித் தெரு அங்கே படுத்திருந்தது. எல்லாம் குடித்த தண்ணீரால் வந்தது என்று மருத்துவர் சொன்னதும் அவருக்கு அந்த வரி நினைவுக்கு வந்தது. அலுவலகத்துக்கு ஓடிப்போய் நிரலைத் திறந்தார். அவர் எழுதிய வரி அங்கேயே இருந்தது. அதை நீக்கிவிட்டு மறுபடி வரையச் சொன்னார். அத்தனை மாதமாகப் படுத்துக் கிடந்த கோடு திரை முழுக்க முள்முள்ளாக எழுந்தது. தங்கை போன் செய்த காலையில்தான் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது.

இது வெளியே போனால் இருவருக்கும் வேலை போய்விடும் என்று மேலதிகாரி தடுத்துப் பார்த்தார். கோட்டு வாத்தியார் இரண்டு வரைபடங்களையும் சுகாதாரத் துறைக்கு அனுப்பினார். அன்றே குழாயை அடைத்தார்கள். தெருக்காரர்கள் பலர் பிழைத்தார்கள். மாமா மாமா என்று வாய் ஓயாமல் அவரைச் சுற்றி வந்த குழந்தை பிழைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கையின் எதிரே உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது, "மேலதிகாரி சொன்னதாலதாம்மா செஞ்சேன்" என்றும் வாயில் வந்துவிட்டது.

அவள் அழவில்லை. அழுது தீர்ந்திருந்தது.

"வாடை அடிக்குதேன்னு கொதிக்க வெச்சுட்டுத்தாண்ணா உனக்குப் போன் பண்ணேன். நீ சொன்னதும் கொதி வர்றதுக்கு முன்னாலேயே அடுப்பை அணைச்சுட்டேன்."

அவர் தலை கவிழ்ந்தது.

"அவர் சொன்னாருன்னு நீ செஞ்சே. நீ சொன்னேன்னு நான் செஞ்சேன். கெட்டதைக் கெட்டதுன்னு யாராவது ஒருத்தர் காட்டியிருந்தாப் போதும், என் பொண்ணு இருந்திருப்பா."