போடற துணி

டேப் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலையில்லை. கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று தையல் கூடத்தில் ஒரு சந்தேகம் உண்டு.

எட்டு மாதமாக அவளுக்கு ஒரே பைத்தியம்: ஒரே உடை, ஆறு விதமாக உடுத்த வேண்டும். முன்பக்கம் திறந்து போட்டால் நீளக் கோட்டு. உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பக்கவாட்டில் முடிச்சிட்டால் கவுன். தோள் நாடாவை அவிழ்த்து இடுப்புக்கு இறக்கினால் பாவாடை. இப்படியே போகும். ஒல்லிக்குச்சிக்கும் சேரும், மூன்று பிள்ளை பெற்றவளுக்கும் சேரும். ஜிப் கிடையாது, எலாஸ்டிக் கிடையாது, நைலான் நூல்கூடக் கிடையாது. எல்லாம் பருத்தி, லினன், மரப் பொத்தான்.

பாதித் துணி புதுசு. மீதி, யாரோ உடுத்தி ஓய்ந்த பழசு. புதுசைக் கொதிநீரில் மூன்று தடவை முக்கியெடுத்த பிறகுதான் கத்தரி வைத்தாள். பழசு சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கியாயிற்று. புதுசுக்கு இன்னும் புத்தி வரவில்லை. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே ஒன்று இழுக்கும், ஒன்று துருத்தும், புதுச் சம்பந்திகள் மாதிரி. இந்த விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு துணியைக் கண்ணை மூடிக்கொண்டு விரலில் தேய்த்துப் பார்த்தே என்ன நூல், எத்தனை வருஷம் துவைத்தது என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்று பதினோரு மணிக்கு ஒரு பெரிய துணிக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிடித்துவிட்டால் கூடத்தில் இருக்கிற பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரு வருஷத்துக்கு வேலை. பிடிக்காவிட்டால் மறுபடியும் தலையணை உறை.

பத்து மணிக்கு அண்ணி வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலை டிரிப்பை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. உடை எல்லா உடம்புக்கும் சேரும் என்று காட்ட அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தாள் டேப் அக்கா. அண்ணன் போய் இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகும் அண்ணி மாடியில், இவள் கீழே, ஒரே வீடு, ஒரே தண்ணீர்த் தொட்டி. நாத்தனார் என்று இவள் ஒரு நாளும் நடந்துகொண்டதில்லை, அண்ணியும் நடத்தியதில்லை.

கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணி நிலைக்கண்ணாடி முன் நின்றாள்.

"இதைப் போட்டுக்கிட்டு கிளட்ச் மிதிக்க முடியுமா?"

"மிதிச்சுப் பாருங்களேன்."

அண்ணி இல்லாத கிளட்ச்சை மிதித்து, இல்லாத கியரை மாற்றினாள். ஓவர்லாக் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் அவள். மெஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது என்பதால் அந்தப் பேர்.

"இப்ப திருப்பிப் போடுங்க அண்ணி. கவுன் வரும்."

அண்ணி கழற்றி உள்பக்கத்தை வெளியே எடுத்தாள். கை நடுவில் நின்றுவிட்டது. இடுப்பு மடிப்பை ஒட்டி ஒரு நீலப் பட்டை. அதில் மொச்சைக்கொட்டை அளவில் மங்கிய மைக்கறை.

"இது எங்கேயிருந்து வந்தது?"

"நம்ம வீட்டுதான் அண்ணி. உங்க பச்சைப் பையில இருந்தது."

"அது உங்கண்ணன் சட்டை."

டேப் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மாடியில் இருந்த பழந்துணியெல்லாம் இரண்டு பைகளில் இருந்தது. அதில் வேண்டாததை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் அண்ணி. எந்தப் பை என்று தெரியாமல் இவள் போன் பண்ணினாள். அண்ணி வண்டியில் இருந்தாள், பின்னால் முப்பது பிள்ளைகளின் இரைச்சல்.

"நான் கேட்டேனே அண்ணி. பச்சைப் பையில இருக்கறது போடறதுதானேன்னு."

"கேட்ட. ஆமா, போடறதுதான்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை வண்டி கழுவறப்ப நான் போடற சட்டைடி அது! போட்டுக்கறது!"

எட்டு மாதமாக வீடு வீடாக ஏறி, "போடறது ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, டேப் அக்காவின் வாயில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் மிஞ்சியிருந்தது: தூக்கிப் போடறது. உடம்பில் போடுவதற்கும் அதே சொல்தான் என்பது, உடை தைத்தே பிழைக்கிறவளுக்கு ஞாபகம் வரவில்லை. வேன் மூன்று வாரமாகப் பட்டறையில் கிடந்து நேற்றுதான் வந்ததால் அண்ணியும் அந்தப் பையைத் தேடவில்லை.

"சரி, என் வாயும் சேந்துதான் கெடுத்துச்சு" என்றாள் அண்ணி. "ஆனா நீ கையில எடுத்துப் பாத்தியே. விரல்ல தேச்சுப் பாத்திருப்பியே."

"பாத்தேன்."

"தெரியலையா உனக்கு?"

பத்து வருஷத்துக்கு மேல் துவைத்த அசல் பருத்தி, இந்த மாதிரித் துணி இப்போது காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று ஓவர்லாக்கிடம் பெருமையடித்துக்கொண்டது டேப் அக்காவுக்கு நினைவு வந்தது. எல்லாம் சொன்னாள். யாருடைய சட்டை என்பதை மட்டும் சொல்லத் தெரியவில்லை. சாவு வீட்டில் ஆளாளுக்கு அழுதுகொண்டிருந்தபோது டாக்டர் சீட்டு, வண்டி, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று ஓடியவள் அவள். அப்புறம் அழலாம் என்று தள்ளிப் போட்டது அப்படியே நின்றுவிட்டது. இப்போது அண்ணன் சட்டையே அடையாளம் தெரியவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"தெரியல அண்ணி" என்றாள்.

அண்ணி மைக்கறையை விரலால் தடவினாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"பிரிச்சுக் குடுத்துடறேன். இப்பவே."

"பிரிச்சா சட்டை வருமா?"

"வராது. நாலு பட்டையா வெட்டிட்டேன்."

"காலர் எங்க?"

காலருக்குள் விறைப்புக்காக ஒட்டியிருப்பது பருத்தியில்லை. வந்த சட்டைகளில் முதலில் வெட்டி எறிவது அதைத்தான். டேப் அக்கா மென்று விழுங்கிச் சொல்வதற்குள் ஓவர்லாக், "கழிவு மூட்டையில போட்டாச்சு. மாடிப்படிக்குக் கீழே கிடக்கு. மெத்தைக்காரன் மத்தியானம்தான் வருவான்" என்று போட்டு உடைத்தாள்.

மூன்று பேருமாக மூட்டையை இழுத்து வந்து தரையில் கொட்டினார்கள். காலர்கள், மணிக்கட்டுப் பட்டிகள், துருப்பிடித்த ஜிப்புகள், பனியன் விளிம்புகள். டேப் அக்கா ஒவ்வொரு நீலமாக எடுத்து நீட்டினாள். அண்ணி ஒவ்வொன்றாகத் தலையாட்டி மறுத்தாள். தும்மலுக்கு நடுவே மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

கடைசியில் அண்ணியே எடுத்தாள். மடிப்பு தேய்ந்து நூல் பிசிறிப்போன காலர். இதற்குப் போயா இந்தப் பாடு என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு அழுக்குப் பழசு. அண்ணி அதைக் கைக்குள் சுருட்டி மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து உடையை உதறி டேப் அக்காவின் தோளில் போட்டாள்.

"இந்தா. இதை அவங்ககிட்ட காட்டு."

"வேணாம் அண்ணி. இன்னும் தயாராகலைன்னு சொல்லி அனுப்பிடறேன்."

"அனுப்புவே. அப்புறம் காலம் பூரா, உங்களுக்காக விட்டுக்குடுத்தேன்னு என் தலைமேல ஏறி உக்காந்துக்குவே. பன்னெண்டு பேர் வயித்துல என்னால அடிக்க முடியாது. அது இப்ப துணி. இதுதான் அவரு."

டேப் அக்கா உடையைப் பிடித்தபடியே நின்றாள். வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நிலைக்கண்ணாடியைத் துடைக்க வேண்டும், தரையைக் கூட்ட வேண்டும், மூட்டையைக் கட்ட வேண்டும். ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

"அண்ணி, அதை ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"எதுக்கு?"

"எனக்கும் குடுங்க" என்றாள், சின்னப் பிள்ளை பண்டம் கேட்கிற குரலில்.

அண்ணியின் கை இன்னும் இறுகியது. கொஞ்ச நேரம் இவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைத் திறந்தாள்.

டேப் அக்கா காலரை வாங்கி விரலில் வைத்துத் தேய்த்தாள். கழுத்தின் இடது பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. அண்ணன் பேசும்போது தலையை அந்தப் பக்கம்தான் சாய்ப்பான். யார் எதைச் சொன்னாலும் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சரி, அப்புறம்?" என்பான். அவள் அப்படியே கழிவுத் துணிக்கு நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. ஓவர்லாக் பதறிப்போய் கதவுக்கும் அண்ணிக்குமாக மாறி மாறிப் பார்த்தாள்.

"வந்துட்டாங்க அக்கா. என்ன சொல்லட்டும்?"

"கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லு" என்றாள் அண்ணி. "இங்க ஒரு அண்ணனும் தங்கச்சியும் பேசிட்டிருக்காங்க."