தடைக்காலத்துக்குத் தள்ளிய தோள்

காசிமேட்டில் கல்யாணம், காதுகுத்து, படகுக்குப் பெயிண்ட் எல்லாமே மீன்பிடித் தடைக்காலத்தில்தான். கடலுக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கட்டிவைக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் ஆம்பளைகள் வீட்டில் கிடைப்பார்கள். குணசுந்தரியின் தோளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

தை மாதமே டாக்டர் ஜஹானாரா ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார். வருடக்கணக்காக மீன்கூடையை ஏற்றி இறக்கியதில் வலது தோள் மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது முன்பக்கத் தசைநாரை அறுத்து மூட்டைத் திறந்து, திரும்பத் தைப்பார்கள். அந்தத் தையல் பிடிக்குமா பிடிக்காதா என்று ஸ்கேனே முன்கூட்டிச் சொல்லிவிடும். பிடிக்கும் என்றது. தள்ளிப்போடாமல் வந்தால் சின்னக் கூடையாவது தூக்கலாம் என்றார் டாக்டர்.

அது போதும் அவளுக்கு. அடுத்த வாரமே போய்ப் படுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். விசைப்படகு ஓட்டும் புருஷன் சுப்புராயன்தான் விடவில்லை. ஸ்கேன்தான் நல்லபடியாக வந்துவிட்டதே, இனி என்ன அவசரம், தடைக்காலத்தில் தானே கூட இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மாமியாரும் ஓரகத்தியும் தலையாட்டினார்கள். பெரிய அக்கறைதான்! ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நல்ல ஸ்கேன் என்றால் இனிமேல் கெடாது என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கையால் கூடையைத் தூக்கினாள்.

சித்திரையில் படகு கரையில் நின்றது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பின்பக்கமாகத் தள்ளச் சொன்னார் டாக்டர். கை இடுப்பைவிட்டு அசையவே இல்லை. புது ஸ்கேன் எடுத்து, பழையதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தையில் கறுப்பாகத் திரண்டிருந்த தசைக்குள் இப்போது வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடின. எல்லாம் கொழுப்பாம்.

"நார் கிழிஞ்சு உள்ள இழுத்துக்கிச்சும்மா. தைச்சா நிக்காது. வேற மாதிரி மூட்டு வைக்கிறேன். வலி போயிடும், தலை சீவலாம்."

"கூடை?"

"இனிமே வேணாம்மா."

குணசுந்தரியின் தோளுக்கு நாள் குறிக்கக் குடும்பமே கூடியது, தோளின் சொந்தக்காரியை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கூடை இல்லாமல் அவளுக்கு ஏது வியாபாரம்?

சுப்புராயன் ஸ்கேனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெரிய மனசு பண்ணி, "இன்னா இப்போ, கூடைய நான் தூக்கி உடறேன்" என்றான்.

"ரெண்டு மாசம் தூக்குவ. மிச்ச பத்து மாசம் நீ கடல்ல கீறப்போ எவன் வந்து தூக்குவான்?"

அவள் டாக்டர் பக்கம் திரும்பி, ஆபரேஷனை நாளைக்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.