சங்கரம்மாள் வாய் மூடிய வெள்ளிக்கிழமை

தவசி அண்ணாச்சி செத்துப்போனதில் சங்கரம்மாளுக்கு வருத்தம்தான். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம், செத்த வீட்டுக்குள் அவளை மட்டும் விடவில்லை என்பது.

தெருவே உள்ளே போய்விட்டது. கோவில்பட்டிக்குக் குடிவந்து இன்னும் ரேஷன் கார்டு வாங்காதவள்கூட உள்ளே போய் மாரில் அடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை மோப்பத்திலேயே சொல்லிவிடுகிற பக்கத்து வீட்டுக்காரியான இவளோ, வேலிக்கு இந்தப் பக்கம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பிணத்துக்கு எந்த வேட்டியைக் கட்டியிருக்கிறார்கள், புதூர்ச் சொந்தக்காரர்களில் யார் அழவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

தவசியின் மகள் வெள்ளைத்தாய் அழுது வீங்கிய கண்ணோடு வேலி வரை வந்து, எட்டவே நின்றாள்.

"அத்தை, உள்ள வந்திராதீக. தீட்டாயிரும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

சங்கரம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ரயில்ரோட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற அம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டாஞ்சோறு போடுவார்கள். தீப்பெட்டி ஆபீசுப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வந்து வாங்கிப்போவார்கள். அந்தச் சோற்றுக்குக் காய் தவசியின் தோட்டத்துக் காய். கிணற்றடியில் குளித்து, ஈர வேட்டியோடு பறித்து, பனையோலைக் கடகப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவார். குளித்தது முதல் அம்மன் முன்னால் பெட்டியை இறக்கும் வரை வாய் திறக்க மாட்டார். அது அவருடைய நேர்த்திக்கடன். மீசை அரும்பின காலத்தில் ஆரம்பித்தது, ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டுப்போனதில்லை. ஓடை பெருகி ஊரே மாடியேறி நின்ற மழையிலும், கழுத்தளவு தண்ணீரில் கத்தரிக்காய் மட்டும் தனியாக மிதந்து போவதுபோலப் போனார்.

"காலைல நீராகாரம் குடிச்சாக. 'பெட்டிய எடுத்து வையி தாயி'ன்னாக. மோட்டார் ரூம் செவுத்துல சாஞ்சாக, அவ்வளவுதான்" என்றாள் வெள்ளைத்தாய். "எங்களுக்குத் தீட்டு. பங்காளி சொக்காரங்களுக்கும் தீட்டு. நீங்கதான் அன்னியம். நீங்க கொண்டு போங்க அத்தை. அப்பா போற அன்னைக்கே அது விட்டுப்போகக் கூடாது."

அன்னியம் என்ற சொல் சங்கரம்மாளுக்குச் சுருக்கென்றது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

"பேசாமப் போகணும் அத்தை. உங்களால..."

"என்னட்டி இழுக்க? நான் என்ன ரேடியோவா?"

உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அழுகைக்கு அல்ல.

குளித்தாள். வாயை மூடினாள். ஈரச்சேலையோடு பாத்திக்குள் இறங்கினாள். கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. சுற்றுவட்டாரமெல்லாம் பருத்தியும் கம்பும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்த மனிதர் மட்டும் புதூர் ஆட்டுக்கிடையை எருவுக்கு அமர்த்தி, கண்மாய் வண்டலை அடித்து, கத்தரியும் சீனியவரையும் தக்காளியும் காய்க்க வைத்தார். செடிக்கு மருந்தடிப்பதற்கு முன்னால் திருநீறு போடுவார். பூச்சிகளுக்கு அதனால் பக்தி வந்ததா என்று தெரியாது. மாடு இழுக்கிற கமலை போய் மோட்டார் வந்த அன்றைக்கு, மோட்டாருக்கும் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, மாலை சாத்தினார். மாலை நார் சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றுபோனது. 'சாமி இறங்கிருச்சு' என்றார். இறங்கியது ஃபியூஸ் என்பது சங்கரம்மாளின் கட்சி. அதைத் தெரு முழுக்கச் சொன்னவளும் அவள்தான்.

பெட்டி நிறைந்தது. சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

முதல் கண்டம் தெருக்குழாய். குடத்தோடு நின்ற உமாதேவி ஓடிவந்தாள்.

"யக்கா, தாத்தா எப்படிப் போனாக? நல்லாத்தான இருந்தாக?"

சங்கரம்மாள் வாயை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

"யக்கா! ஒங்களத்தான்."

சொல்வதற்கு எவ்வளவு இருந்தது! தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள். கையை மட்டும் ஆட்டினாள்.

உமாதேவி அப்படியே நின்றாள். சங்கரம்மாள் பேசாமல் போவதை இந்த ஊர் பார்த்ததில்லை. சொந்தப் புருஷன் செத்த அன்றுகூட, வந்தவர்களில் யார் வெறுங்கையோடு வந்தது என்று சொன்னவள் அவள்.

"ஏட்டி, இவளே வாயத் தொறக்கலன்னா உள்ள என்னமோ இருக்கு" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பேச்சு அவளைவிட வேகமாக நடந்தது. ரேஷன் கடைக்கு அவள் போய்ச் சேருமுன் 'என்னமோ' என்பது 'பூச்சிமருந்து' ஆகியிருந்தது. கடலைமிட்டாய்க் கடைக்கு வந்தபோது மருந்தைக் கொடுத்த ஆளும் கிடைத்துவிட்டான்: மருமகன் முத்துசெல்வம். அதற்குக் காரணமும் தயாராக இருந்தது. வெள்ளைத்தாயின் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய நேரத்தில் தவசி காய்ப்பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல், சம்பந்தியைத் தாண்டிப் போய்விட்டார். மாமனாருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று அன்றைக்குக் கிளம்பிய பேச்சு இன்னும் உயிரோடு இருந்தது. உண்மையில் அந்த முத்துசெல்வம் தங்கம். மாமனாருக்கு நகம் வெட்டிவிடுகிறவன். இது சங்கரம்மாளுக்கு வேலிச்சந்து வழியாக நன்றாகத் தெரியும்.

எல்லாம் காதில் விழுந்தது. அவள் எட்டி நடந்தாள். எட்டி நடந்ததும் தப்பாகப் போயிற்று.

"பாரு, பயந்து ஓடுதா."

ரயில்வே கேட் மூடியிருந்தது. நிற்கத்தான் வேண்டும். கேட்டை ஒட்டி பாண்டியராஜன் டீக்கடை. அவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"யக்கா, ஒரே ஒரு வார்த்த. அந்த மருமவப்பய குடுத்தானா, குடுக்கலையா?"

ரயில் வருகிற வழியாகக் காணோம்.

"குடுக்கலன்னா இல்லன்னு சொல்லிருக்க மாட்டீகளா? எனக்குப் புரிஞ்சுபோச்சு." அவன் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தான். "எரிச்சிட்டாகன்னா சாட்சியே போயிரும்லா. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போனப் போட்டுருவோம். ஆஸ்பத்திரில அறுத்துப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது."

கடை முகப்பில் தொங்கிய ஒரு ரூபாய் போனை எடுத்தான். காசைப் போட்டான்.

சங்கரம்மாள் கணக்குப் போட்டாள். பேசினால் அந்த மனிதரின் ஆயுசு முழுக்க விடாத வெள்ளிக்கிழமை விட்டுப்போகும். பேசாவிட்டால் அவரை மேசையில் கிடத்தி அறுப்பார்கள், நகம் வெட்டிவிட்ட பையன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான். பாண்டியராஜன் எண்ணை அழுத்த ஆரம்பித்தான்.

பெட்டியை டீக்கடை பெஞ்சில் தொப்பென்று இறக்கினாள்.

"வைலே போன! மருந்தாம் மருந்து, ஒன் டீயவிடவா பெரிய மருந்து இருக்கு? நீராகாரம் குடிச்சிட்டு செவுத்துல சாஞ்ச மனுசன் அப்படியே போயிட்டாரு. கல்யாணச்சாவு. அந்தப் பிள்ள தலைமாட்டுல உக்காந்து பச்சப்பிள்ள கணக்கா அழுதுகிட்டுக் கெடக்கு. நான் பேசாம வந்தது அவரு நேர்த்திக்குலே, கூறுகெட்டவனே!"

தலைமாட்டில் அழுததை அவள் பார்க்கவில்லைதான். பார்க்க விட்டால்தானே.

பாண்டியராஜன் போனை வைத்தான். ரயில் தடதடவென்று போனது. கேட் திறந்தது. யாரும் நகரவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அப்ப... இந்தக் காயி?"

"அம்மனுக்கு ஆகாது. வச்சு ஒன் கடைக்குச் சாம்பார் வையி."

"இப்ப என்னக்கா செய்ய? நேர்த்தி போச்சே."

"ஏன் போகுது? இன்னைக்குப் பொழுது சாஞ்சிருச்சா?"

காலிப்பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். பின்னாலேயே அவன் ஓடிவந்தான். செய்த தப்புக்கு எதையாவது செய்யாமல் அவனால் இருக்க முடியவில்லை.

மறுபடி குளியல். மறுபடி ஈரச்சேலை. வெள்ளைத்தாய் வாசலிலிருந்து ஏன் என்று கண்ணால் கேட்டாள். சங்கரம்மாள் உதட்டைத் தட்டிக் காட்டிவிட்டு, கை படாத மேலப்பாத்திகளில் இறங்கினாள்.

இந்த முறை அவளுக்கு முன்னால் பாண்டியராஜன் நடந்தான், சாமி புறப்பாட்டுக்குக் கட்டியம் கூறுகிறவன் மாதிரி.

"யாரும் யக்காட்ட பேச்சுக் குடுக்காதீக! தவசி தாத்தா நேர்த்தி போகுது! மருந்தும் கிடையாது, மாயமும் கிடையாது!"

அதோடு விட்டானா? ஆட்கள் கூடக்கூட அவனுக்குக் குரல் ஏறியது. தவசியின் சரித்திரத்தையே எடுத்துவிட்டான். தாத்தாவின் சம்சாரம் கடம்பூர்க்காரியாம். கிணறு வெட்டும்போது கனவில் அம்மன் வந்து இடம் காட்டினாளாம். பிறந்ததிலிருந்து அவர் கோபப்பட்டதே இல்லையாம். பாலில் சர்க்கரை போடாமல்தான் குடிப்பாராம்.

அத்தனையும் பொய். ஒன்றாவது சரியாக இருக்க வேண்டாமா! சங்கரம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெரு கேட்கிறது, ம் கொட்டுகிறது, சிலர் கண்ணைத் துடைக்கிறார்கள். அந்த மனிதரை இந்தத் தெருவில் முழுசாகத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பெட்டியைச் சுமந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு டீக்கடைக்காரன் அவரை வேறு யாரோ ஆக்குவதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். குழாயடியில் உமாதேவி கும்பிட்டு நின்றாள். ரயில்வே கேட் திறந்திருந்தது.

கோவிலில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பூசாரி வாசலுக்கே வந்து கை கொடுத்தார். அம்மன் முன்னால் பெட்டி இறங்கியது. பூசாரி ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பாதத்தில் வைத்து, சூடம் காட்டினார். சங்கரம்மாள் திருநீற்றை வாங்கி நெற்றியில் இட்டாள். ஒரு மூச்சு விட்டாள்.

பிறகு திரும்பினாள். வாசலில் கூட்டம் நின்றது. முன்னால் பாண்டியராஜன், பெருமை பொங்க.

"ஏலே, இங்கன வா. எல்லாரும் வாங்க, உக்காருங்க" என்றாள். "அவரு சம்சாரம் கடம்பூரும் இல்ல, கழுதையும் இல்ல. புதூரு. ஆடு மேய்க்க வந்த இடத்துல அவரு தோட்டத்து வெண்டைக்காயத் திருடித் தின்னவ. அன்னைக்கு அவரு பட்ட கோவம் இருக்கே..."