குழந்தைக்குப் பதில் என் பெயர்

எங்கள் தெருவில் உயிரோடிருப்பவரை யாரும் அளக்க மாட்டார்கள். செத்தவரைத்தான் அளப்பார்கள், பெட்டி செய்வதற்கு. ஓல்ட் ஆற்றங்கரையில் பிறந்த ரோமா நாடோடி இனப் பெண்ணான எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் குழந்தைகளின் நீளம் பார்க்கும் அளவுப் பலகையை ஒரு துணிகூடப் போர்த்தாமல் நடுத்தெருவில் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

பகலில் எங்கள் ஆட்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நின்று பேசுவது என் வேலை. மாலையில் பள்ளி, சின்ன வயதில் விட்டுப்போன படிப்பு. டாக்டர் ஒக்தாவியா நகரத்திலிருந்து வருகிறவர். எங்கள் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளைப் போல ஏன் வளர்வதில்லை என்று ஆராய்கிறார். அதற்குக் குழந்தையைப் பலகையில் கிடத்த வேண்டும். தலைமாட்டில் ஒருவர் பிடிக்க, கால்மாட்டுக் கட்டையை நகர்த்தி நீளம் பார்க்க வேண்டும். நீளம் குறைவென்று தெரிந்தால் நகர ஆஸ்பத்திரி காக்க வைக்காமல் சேர்த்துக்கொள்ளும்.

நர்சீசாவின் குழந்தை அலேசியாவைத்தான் முதலில் நினைத்தோம். கொஞ்சம் பால் குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடுவாள். மணிக்கட்டு என் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும்.

பலகையைக் கண்டதும் நர்சீசா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"ஏன்டி சொரீனா, படிக்கப் போறேன்னு போனியே, தச்சு வேலையா கத்துக்குடுத்தாங்க?"

"சும்மா நீளம் பாக்கத்தான் அக்கா."

"சும்மாவா? உங்கப்பனை எப்ப அளந்தாங்க, மறந்துட்டியா?"

நாங்கள் எங்கள் பாஷையில் பேசிக்கொண்டதால் டாக்டருக்குப் புரியவில்லை. "வலிக்காதுன்னு சொல்லும்மா" என்றார். சொன்னேன்.

"செத்தவங்களுக்கும்தான் வலிக்கல" என்றாள் நர்சீசா.

டாக்டர் பையை மூடத் தொடங்கினார். குழந்தை வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அப்போது நான் சொன்னது யோசித்துச் சொன்னதா, அவசரத்தில் வந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"அளக்கறப்ப என் பேரைச் சொல்லு அக்கா. வர்றது எனக்கு வரட்டும்."

நர்சீசா என்னையே பார்த்தாள். "விளையாடாதடி."

"விளையாடல."

அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு குழந்தையைக் கிடத்தினாள். நான் தலையைப் பிடித்தேன். கட்டை நகர்ந்து பாதத்தைத் தொடும்வரை, "இது என் புள்ள இல்ல, இது சொரீனா. இது என் புள்ள இல்ல, இது சொரீனா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். தாலாட்டு என்று நினைத்து டாக்டர் புன்னகைத்தார். நான் திருத்தவில்லை.

நீளம் மிகவும் குறைவு. அந்த வாரமே அலேசியாவை நகரத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

விஷயம் தெரு முழுக்கப் பரவியது. மற்ற தாய்மாரும் பிள்ளைகளோடு வந்தார்கள். எல்லாரும் என் பெயரைச் சொல்லியே அளந்தார்கள். "என்ன மாயம் பண்ணினே சொரீனா?" என்று டாக்டர் தோளில் தட்டினார். பள்ளியில் சொன்னபோது பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

முன்பெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு குழந்தையை என் மடியில் போடுவார்கள். இப்போது நான் படியேறும்போதே குழந்தையை உள்ளே கொண்டு போய்விடுகிறார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசுவதில்லை. நல்ல நாற்காலியைத்தான் போடுகிறார்கள், கொஞ்சம் தள்ளி. பலகாரம் தருகிறார்கள். தட்டைத் திருப்பித் தர வேண்டாம் என்கிறார்கள். தலைமாட்டில் பிடிக்கும் வேலையையும் இப்போது டாக்டரே செய்கிறார். நான் ஜன்னலோரம் நிற்கிறேன்.

நேற்று நர்சீசா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். அலேசியாவுக்குக் கன்னம் சதை போட்டிருந்தது. பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"கோச்சுக்காதடி. தொட வேணாம், பாரு." குல்லாவைக் கழற்றி முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்துக் கால்களை உதைத்தது.

"கனமாயிட்டாளா?" என்று கேட்டேன்.

"கை கடுக்குது, போ." சிரித்தவள் உடனே தயங்கினாள். "அடுத்த மாசம் மறுபடி அளக்கணுமாமே. உன் பேரையே சொல்லட்டுமா?"

"சொல்லு அக்கா" என்றேன்.